ஈரல் எண்ணெய் வேறு, மீன் எண்ணெய் வேறு

பருவுக்கு எழுதுகிற ஐசோட்ரெட்டினாயின் சீட்டோடு வருகிறவர்கள் மருந்தை வாங்கி, பில்லைக் கட்டி, பையில் போட்டுக்கொண்ட பிறகும் கவுன்ட்டரை விட்டு நகர மாட்டார்கள். "அக்கா, இதோட சத்து மாத்திரை ஏதாவது போடலாமா? உதடு ரொம்ப வெடிக்குமாமே?" காட்பாடியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் நான் பார்மசிஸ்ட். சுற்றிலும் ஹாஸ்டலும் பி.ஜி.யுமாக இருப்பதால் பரு மருந்துக்கு எங்கள் கடையில் குறைவே இல்லை, இந்தக் கேள்விக்கும்தான். கூட்ட நேரத்தில் ரெண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். நானும் இந்த மருந்தை மாசக்கணக்கில் சாப்பிட்டவள்தான். தாடையோரம் கட்டி கட்டியாக வந்து, அமுங்கின இடமெல்லாம் குழி விழ ஆரம்பித்தபோது ஸ்கின் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

முதலில் இந்த மருந்து யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இது வைட்டமின் ஏ வம்சம். 13-சிஸ் ரெட்டினாயிக் அமிலம் என்பது இதன் ரசாயனப் பெயர். அமெரிக்காவில் 1982-ல் அனுமதி வாங்கியது. தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். எண்ணெய் இல்லாவிட்டால் பரு இல்லை. அதே மருந்தால் உதட்டில் ஈரமும் நிற்காது. உதடு காய்வது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். வராவிட்டால்தான் "சாப்பாட்டோடதானே போடுறீங்க?" என்று நான் கேட்பேன். எனக்கு முதல் மாதம் முடிவதற்குள் உதடு மே மாதத்துப் பாலாறு மாதிரி ஆகிவிட்டது. தினமும் சத்துவாச்சாரியிலிருந்து ஸ்கூட்டியில் அந்தப் பாலத்தின் மேலேதான் வருகிறேன், அதனால் வேறு உவமை தேடிப் போகவில்லை.

ஆக, இந்த வறட்சி ஏதோ சத்துக் குறைவால் வருவதில்லை. மருந்து தன் வேலையைச் செய்வதால் வருகிறது. "எந்தச் சத்து குறையுது, எதைப் போட்டு நிரப்பறது" என்று யோசிக்கிற நம் ஊர்ப் பழக்கம் இங்கே அவ்வளவாகச் செல்லுபடி ஆகாது.

ஆனாலும் ஜனங்கள் ஏன் துணை மாத்திரை தேடுகிறார்கள் என்பது புரிகிறது. இது நாலு நாள் கோர்ஸ் இல்லை. வழக்கமாக உடம்பு எடையில் கிலோவுக்கு 0.5-லிருந்து 1 மில்லிகிராம் வரை தினசரி டோஸ். மொத்தமாகக் கிலோவுக்கு 120-லிருந்து 150 மில்லிகிராம் வரை போய்ச் சேர வேண்டும் என்பது டாக்டர்கள் போடும் கணக்கு. 50 கிலோ இருப்பவருக்கு 120 கணக்கில் 6000 மில்லிகிராம். தினம் 20 மில்லிகிராம் காப்ஸ்யூல் என்றால் 300 நாள். அத்தனை நாள் வெடித்த உதட்டோடு கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் போய் வர வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. சமையலறை மேடையில் புளி ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும். உள்ளே மஞ்சளாக, வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் மின்னும் சின்னச் சின்ன காப்ஸ்யூல். காட் லிவர் ஆயில். அப்பாவின் முழங்காலுக்கு ஒன்று, தம்பியின் கண்ணாடி பவர் ஏறாமல் இருக்க ஒன்று, சளிக்கு ஒன்று. நான் மருந்து ஆரம்பித்த வாரமே என் தட்டோரமும் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"எண்ணெய் வத்திப்போச்சுன்னுதான உதடு வெடிக்குது? இது எண்ணெய்தான, முழுங்கு."

"அம்மா, டப்பாவைத் திருப்பி முதல் வரியைப் படி."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தாள். வைட்டமின் ஏ.

"அதுக்கு இன்னா இப்போ? வைட்டமின் நல்லதுதான?"

நல்லதுதான், நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்து மட்டும் இல்லாவிட்டால். மீனின் ஈரலிலிருந்து எடுக்கிற எண்ணெயில் வைட்டமின் ஏ செறிந்து கிடக்கும். ஏற்கெனவே வைட்டமின் ஏ வம்சத்து மருந்து உள்ளே போகும்போது அதன் மேல் இதையும் போட்டால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். உதடு இன்னும் வெடிக்கும், முடி கொட்டும், தலை வலிக்கும், ஈரல் திணறும். வைட்டமின் ஏ-வுக்குப் பெரியவர்களின் உச்ச வரம்பே ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராம்தான். வறட்சி தீரட்டும் என்று வாங்கிப் போடுகிற மாத்திரை வறட்சியையே கூட்டுகிறது என்றால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. கடையிலும் இதே கதை. "ஒமேகா-3 குடுங்க" என்று கேட்டு வந்தவரே கடைசியில் விலை குறைவாக இருக்கிறது என்று காட் லிவர் டப்பாவைக் காட்டி "ரெண்டும் மீன் எண்ணெய்தானே" என்பார். இல்லை. ஒன்று மீனின் உடம்பிலிருந்து எடுப்பது, இன்னொன்று ஈரலிலிருந்து எடுப்பது. ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர் இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் தெரிந்துகொண்டால்கூடப் போதும் என்பேன்.

ஏ-யிலிருந்து இசட் வரைக்கும் எல்லாம் இருக்கிற மல்டிவிட்டமினும் இதே கேஸ்தான். பேரிலேயே 'ஏ' இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், வைட்டமின் ஏ அசிடேட் என்று எந்த வேஷத்தில் இருந்தாலும் ஆள் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வறுவலையும் கொஞ்ச காலம் தள்ளிவைப்பது நல்லது. உடனே அடுத்த கேள்வி வரும்: கேரட்? முருங்கைக்கீரை? மாம்பழம்? தாராளமாகச் சாப்பிடலாம். அதில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு தனக்கு வேண்டிய அளவுதான் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்.

சரி, அந்த இன்னொரு மீன் எண்ணெய்? இருக்கிற துணை மாத்திரைகளில் எனக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை உள்ளது அது ஒன்றில்தான். 2018-ல் ஈரானில் 118 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு ஐசோட்ரெட்டினாயின் மட்டும், மீதிப் பேருக்கு அதோடு தினம் 1 கிராம் ஒமேகா-3. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு உதடு, மூக்கு, தோல் வறட்சி குறைவாக இருந்தது. ஒரே ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு கோயில் கட்ட முடியாது. ஆனால் கெடுதல் பெரிதாக இல்லை என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நானும் போட்டேன். குறைந்ததா என்று கேட்டால், குறைந்த மாதிரி இருந்தது. அதே வாரம் ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டதால் பெருமை எண்ணெய்க்கா மழைக்கா என்று சொல்லத் தெரியவில்லை. மீன் ஏப்பம் மட்டும் சத்தியம். சாப்பாட்டுக்கு நடுவில் போட்டால் கொஞ்சம் அடங்கும்.

வாங்கும்போது ஒரு கணக்கு பார்க்க வேண்டும். டப்பாவின் முன்பக்கம் பெரிதாக 1000 மில்லிகிராம் என்று இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் பொடி எழுத்தில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருந்தால் உண்மையான ஒமேகா-3 சரக்கு 300 மில்லிகிராம்தான். இந்த மருந்தால் ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏறும். அதை இறக்க டாக்டர்கள் மீன் எண்ணெய் கொடுப்பது உண்டு, ஆனால் அதற்கு ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் மட்டுமே தினம் 2-லிருந்து 4 கிராம் வரை தேவை. மேலே சொன்ன காப்ஸ்யூலில் அந்த அளவை எட்ட வேண்டுமானால் தினமும் குறைந்தது ஏழெட்டாவது விழுங்க வேண்டும். ஆகவே "கொழுப்பு ஏறிடுச்சு, ஒமேகா ஒண்ணு போட்டுக்கறேன்" என்று தானாக முடிவு பண்ணாமல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மீன் எண்ணெயைக் கேட்காமல் தொடவே கூடாது.

காசு செலவில்லாத ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் யாருமே கேட்பதில்லை. ஐசோட்ரெட்டினாயின் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். நல்ல கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால், வெறும் வயிற்றில் எடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ரத்தத்தில் சேர்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் முழுங்கிவிட்டு காலேஜுக்கு ஓடுகிற பிள்ளைகள் பாதி மருந்தை வீணடித்துவிட்டு, பரு போகவில்லை என்று கடைக்கு வந்து துணை மாத்திரை கேட்கிறார்கள். ஒரு நாள் வெறும் வயிற்றிலும் மறுநாள் பிரியாணியோடும் போட்டால் டோஸ் ஏறி இறங்கி ஆட்டம் போடும். நான் ராத்திரிச் சாப்பாட்டோடு என்று ஒரே நேரமாக வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னி இல்லாத ராத்திரி இட்லி கிடையாது. சட்னி இல்லாத அன்றைக்குப் பொடியும், குழி நிறைய நல்லெண்ணெயும். அதற்கு மேல் ஒரு முட்டை. வட ஆற்காட்டு மண்ணில் விளைகிற கடலையே போதும், கேப்ஸ்யூலுக்குத் தனியாக எண்ணெய் தேட வேண்டியதில்லை.

வைட்டமின் ஈ பற்றி நீட்ட வேண்டாம். அந்தப் பச்சைக் காப்ஸ்யூலை விழுங்குவதற்கும் ஊசியால் குத்தி முகத்தில் தடவுவதற்கும் அட்டை அட்டையாக வாங்கிப் போகிறார்கள். தினம் 800 யூனிட் கொடுத்து ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து 2000-ல் முடிவை எழுதிவிட்டார்கள்: ஐசோட்ரெட்டினாயின் பக்கவிளைவில் எந்த மாற்றமும் இல்லை. பரு வருகிற முகத்தில் அந்தப் பிசுபிசுப்பைத் தடவுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முடிக்கு என்று விற்கிற பயோட்டின் வைட்டமின்தான் இப்போது ராஜா. மருந்தால் சிலருக்கு முடி கொஞ்சம் கொட்டும், உடனே மிட்டாய் மாதிரி மெல்லுகிற பயோட்டின் 'கம்மி'யை (gummy) தேடி வருவார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். கடையில் விற்பதோ 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். முன்னூறு மடங்குக்கு மேல். அதிகமானால் மூத்திரத்தில் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் போவதற்கு முன் ஒரு குளறுபடி பண்ணும். தைராய்டு டெஸ்ட், மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின் டெஸ்ட் இவற்றின் ரிசல்டையே மாற்றிக் காட்டிவிடும். 2017-ல் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்தது. எங்கள் கடைக்கு வரும் ஒரு பெண்ணுக்குத் தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. ஆள் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "முடிக்கு ஏதாவது சாப்பிடுறியாம்மா?" என்று அவள் டாக்டர் கேட்டாராம். பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்ததில் நார்மல். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று லேபில் சொல்லுங்கள். அந்த 'கம்மி' மிட்டாயும் மாத்திரைதான்.

இதில் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது ஆயா விஷயம். "ஈரலுக்கு ஆவாதாமே அந்த மாத்திரை" என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். மறுநாள் விடியக்காலையில் தோட்டத்துப் பக்கம் குனிந்து கீழாநெல்லி பிடுங்கிக்கொண்டிருந்தாள். வேரோடு கழுவி, அம்மியில் வைத்து அரைத்து, மோரில் கலக்கி டம்ளரை நீட்டினாள். பச்சை வாசம் வீடெல்லாம்.

"இன்னாடி பாத்துகினு கீற? உங்க தாத்தாவுக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ இதான் காப்பாத்துச்சு."

"எனக்கு காமாலை இல்ல ஆயா."

"வரதுக்கு மின்னாடியே குடி."

கீழாநெல்லியை நான் குறைத்துப் பேசவில்லை. பிரச்சினை வேறு. இந்த மருந்து ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, ஆரம்பித்த ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு தடவை எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்கிற ஈரல் டெஸ்ட், ட்ரைகிளிசரைடு எல்லாம் பார்ப்பார்கள். அந்த நம்பர் ஏறினால் மருந்தால் ஏறியது என்று டாக்டருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், டோஸைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அதை வைத்துத்தான் முடிவு பண்ணுவார். நடுவில் கஷாயம், லிவர் டானிக், சூரணம் என்று நாலு ஓடினால் எது ஏற்றியது, எது இறக்கியது என்று யாரால் சொல்ல முடியும்? மூலிகை என்பதால் ஈரலுக்கு வேலை வைக்காது என்று அர்த்தமில்லை. இதையெல்லாம் ஆயாவிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து வந்து, "பாரு, ஈரல் நல்லா இருக்குன்னு போட்டிருக்கான்" என்று காட்டினேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப சரி, மோரையாவது குடி" என்றாள். அடுத்த நாளிலிருந்து கீழாநெல்லி இல்லாத மோர்.

விழுங்குவதைவிடப் பூசுவதில்தான் எனக்குப் பலன் தெரிந்தது. உதட்டுக்குச் சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, நாளெல்லாம், பையில் ஒன்று, கல்லாவில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று. வாசனை, கலர், மெந்தால் எதுவும் இல்லாததாக. மூக்கு காய்ந்து ரத்தம் எட்டிப் பார்க்கும், அங்கேயும் லேசாக அதுவே. கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து. க்ரீன் சர்க்கிளில் லாரிப் புழுதிக்குள் சிக்னலுக்கு நிற்கும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வேன். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை மூட்டை கட்டி வைத்துவிடலாம். மருந்து ஓடும்போதும் நிறுத்திய பிறகு ஆறு மாதமும் வேக்சிங் வேண்டாம், தோலோடு உரிந்து வரும். மனசு காரணமில்லாமல் சோர்ந்தால், தலைவலியோடு பார்வை மங்கினால், சத்து மாத்திரைக்காரியான என்னிடம் வராமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

பெண்களிடம் கவுன்ட்டரில் குரலைத் தாழ்த்தி நான் சொல்கிற ஒன்று உண்டு. மருந்து தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, முடித்து ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது. குழந்தைக்கு மிகக் கடுமையான ஊனம் வரலாம். போலிக் ஆசிட் போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எந்தச் சத்து மாத்திரையும் இதைத் தடுக்காது. கல்யாணம் நிச்சயமாகி, மண்டபத்தில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்டு வரும் பெண்களிடம் தேதியைக் கேட்காமல் நான் மருந்தை எடுப்பதில்லை. சில அம்மாக்களுக்குக் கோபம் வரும். வரட்டும். இதே காரணத்தால் அந்த ஒரு மாதம் முடியும்வரை ரத்த தானமும் கிடையாது, ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த ரத்தம் யார் உடம்புக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது வீட்டில் தம்பியின் முறை. ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் டப்பாவோடு குடித்தனம் பண்ணுகிறான், முதுகெல்லாம் பரு. அந்தப் பவுடரே சிலருக்குப் பருவைக் கிளப்பும். யாரோ போட்டுவிட்ட பி12 ஊசியும் அப்படியே. ரெண்டையும் நிறுத்தச் சொன்ன டாக்டர் அவனுக்கு எழுதியது டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக். இது வேறு ஜாதி, இதற்கு வேறு சட்டம். ஐசோட்ரெட்டினாயினோடு இதைச் சேர்க்கவே கூடாது, மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அவன் பருவுக்கு நல்லது என்று ஜிங்க், எலும்புக்குக் கால்சியம், வயிறு எரிந்தால் ஜெலுசில் என்று எல்லாவற்றையும் ஒரே கையளவில் போட்டு விழுங்கப் பார்த்தான். ஜிங்க், கால்சியம், இரும்பு, ஆன்டாசிட் எல்லாமே டாக்சிசைக்ளினை வயிற்றிலேயே பிடித்து நிறுத்திவிடும், ரத்தத்துக்குப் போக விடாது. மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாக்சிசைக்ளின் சாப்பிட்டால் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லாத ஊரில் முழுக்கைச் சட்டை போடச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டான்.

இன்னொன்று, இந்த மாத்திரையைப் பெயருக்கு ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். முழு டம்ளர் தண்ணீர், அதன்பின் அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். இவனோ சாப்பிட்ட கையோடு பாயை விரிக்கிறவன். அந்த அரை மணி நேரம் படுக்கக்கூடாது என்று தெரிந்ததும் ராத்திரிப் பாத்திரம் கழுவுவதை அம்மா அவன் தலையில் கட்டிவிட்டாள்.